முதலில் ‘ம’

போன மாதம் எங்கள் பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்கு ஒரு கருவி வந்தது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே ஒரு தகட்டை வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். தகட்டின் மேல்பக்கம் ஒரு மைக், கீழ்ப்பக்கம் ஒரு மைக். நோயாளி பேசப் பேச, ஒலியில் எத்தனை பங்கு மூக்கு வழியாகப் போகிறது என்பதைத் திரை எண்ணாகக் காட்டும். புதிதாகச் சேர்ந்த மூன்று பேரும் அதைச் சுற்றியே நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, என் மேசையில் இருந்த சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இனிமே இது தேவையில்லைதானே மேடம்? குப்பையில போட்டுடவா?”

“வை அங்க” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த மாதக் கடைசியோடு நான் இந்த வேலையிலிருந்து விடைபெறுகிறேன். எனக்கு முப்பத்து நான்கு வயது. ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் வலது காது போய்விட்டது. இடது காதும் மெல்லிய ஒலிகளை விட ஆரம்பித்திருக்கிறது. கேட்பதுதான் என் வேலை. அது குறைந்த பிறகும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நியாயமில்லை. போகிறதற்கு முன் அந்தக் கண்ணாடியைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று அந்த மூன்று பேரும் கேட்டார்கள். மருத்துவமனை மலருக்காக எழுதுகிறேன்.

என் அப்பா பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன். கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் தெரியாது. அம்மாவுக்கு அதுவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தும், வேறு கல்லூரியில் இடம் கிடைக்காததால் பேச்சு, செவித்திறன் படிப்பில் சேர்ந்தேன். விடுதியில் முதல் வாரமே நான் “வந்துகினு கீறேன்” என்று சொன்னதை ஒருத்தி நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். இரண்டே மாதத்தில் அந்தப் பேச்சை என் வாயிலிருந்து துடைத்தெடுத்துவிட்டேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. இந்தப் பெருமையை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

படித்ததில் என் மனதில் முதலில் ஒட்டிக்கொண்டது மூக்கொலிகளின் பாடம்தான். பள்ளிக்கூடத்தில் மெல்லினம் என்று மனப்பாடம் செய்த அதே ஆறு எழுத்துகள். அவற்றை எப்படி வகைப்படுத்துவது? முதல் கேள்வி, வாய் எங்கே மூடுகிறது என்பது. உதடுகள் இரண்டும் மூடினால் ம. நாக்கு நுனி மேல்பல்லைத் தொட்டால் ந. பல்லுக்குப் பின்னால் ஈறைத் தொட்டால் ன. நுனி பின்னால் வளைந்து மேலே தொட்டால் ண. நடுநாக்கு அண்ணத்தில் படிந்தால் ஞ. பின்நாக்கு உயர்ந்து அடைத்தால் ங. இரண்டாவது கேள்வி, மூக்குக்குப் போகிற கதவு திறந்திருக்கிறதா என்பது. உள்நாக்குத் தொங்குகிற மெத்தென்ற அண்ணம்தான் அந்தக் கதவு. அது இறங்கியிருந்தால் காற்று மூக்கு வழியே போகும். அதனால்தான் ‘ம்ம்ம்’ என்று மூச்சு இருக்கும்வரை இழுக்க முடிகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பாருங்கள், நின்றுவிடும். கதவு மேலே ஏறி மூடிக்கொண்டால், உதடுகள் இருக்கிற இடத்திலேயே இருக்க, ம இருந்த இடத்தில் ப வரும். ந-வின் இடத்தில் த. ண-வின் இடத்தில் ட. ஒவ்வொரு மெல்லினத்துக்கும் ஒரு வல்லினம் பக்கத்து வீடு.

இதை வீட்டில் உற்சாகமாகச் சொன்னபோது அப்பா ஈயத் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“பாயிண்டு மாதிரின்னு சொல்லு.”

“இன்னா பாயிண்டு நைனா?”

“வண்டி இந்த லைன்ல போவணுமா, அந்த லைன்ல போவணுமான்னு திருப்புறோமே, அது. முழுசா ஒட்டணும். நடுவுல ஒரு விரல் சந்து இருந்தாலும் வண்டி கவுந்துடும்.”

ஆசிரியர்கள் மூன்று வகுப்பில் சொன்னதை அவர் ஒரு கவளத்துக்குள் சொல்லி முடித்துவிட்டார்.

அண்ணப் பிளவோடு பிறந்தவர்களுக்கு அந்தச் சந்து இருக்கும். குழந்தையாக இருக்கும்போதே தைத்துவிடுவார்கள். தைத்த பிறகும் சிலருக்கு அண்ணம் நீளம் போதாமல் கதவு முழுதாக மூடாது. அப்போது வல்லினமெல்லாம் தன் பக்கத்து வீட்டு மெல்லினத்தின் பக்கம் சாய்ந்துவிடும். கேட்கிறவர்களுக்கு மூக்கால் பேசுவது போல இருக்கும். இன்னும் சிலருக்குக் கதவு மூடும், ஆனால் மூடாத காலத்துப் பழக்கம் விட்டுப் போயிருக்காது. முதல் வகைக்கு மறுபடி அறுவை சிகிச்சை வேண்டும். இரண்டாம் வகைக்குப் பயிற்சி போதும். யார் எந்த வகை என்று பிரித்துச் சொல்வதுதான் எங்கள் பொறுப்பு. தவறாகப் பிரித்தால், ஒன்று தேவையில்லாமல் ஒரு தொண்டையை அறுப்பார்கள், அல்லது முடியாத ஒன்றைச் செய் செய் என்று ஒரு ஆளைப் படுத்துவோம்.

எங்கள் பிரிவின் தலைவர் ஜெயசீலன் சார். நான் சேர்ந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. யாரையும் பாராட்டி நான் பார்த்ததில்லை, திட்டியும் பார்த்ததில்லை. இளையவர்களையும் “நீங்க” என்றுதான் சொல்வார். நோயாளி பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். “முகத்தப் பார்த்தா காது பரிதாபப்படும்” என்று ஒருமுறை சொன்னார். அவர் கண்ணாடிச் சோதனை செய்வதை முதல் வாரத்தில் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எவர்சில்வர் டம்ளரில் ஐஸ்கட்டி போட்டு, வட்டக் கண்ணாடியை அதில் வைப்பார். எடுத்துத் துணியால் ஈரம் போகத் துடைப்பார். நோயாளியை ஒலியைத் தொடங்கச் சொல்வார். தொடங்கிய பிறகுதான் கண்ணாடி மூக்கின் கீழே போகும். ஒலி முடிவதற்குள் வெளியே வந்துவிடும். முன்னாலோ பின்னாலோ இருந்தால் சும்மா விடுகிற மூச்சே படிந்து ஏமாற்றிவிடும். ஒவ்வொரு தடவையும் துடைத்து, மறுபடி ஐஸில் வைத்து, மறுபடி துடைத்து. எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் இந்த வேகம் மாறாது. எப்போதும் முதலில் சொல்ல வைப்பது ‘அம்மா’. கண்ணாடியில் பனிபோல ஆவி படியும். அதைத் தனக்குத்தானே ஒருமுறை பார்த்துக்கொள்வார். அப்புறம்தான் பாப்பா, தாத்தா, டாட்டா, காக்கா. கடைசியாக மூக்கொலியே இல்லாத ஒரு வாக்கியம், ‘பாப்பா பழைய சட்டை போட்டா.’ இதற்கெல்லாம் ஆவி படியக் கூடாது. படிந்தால் கதவில் சந்து இருக்கிறது.

“அம்மா எல்லாருக்கும் வரும்தானே சார், அதை எதுக்கு ஒவ்வொரு தடவையும்?” என்று கேட்டேன்.

“முதல்ல ம” என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நானும் அதை அவருடைய சடங்கு என்று எடுத்துக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ராயபுரத்தில் ஒரு மாதா கோவில் கூடத்தில் மருத்துவமனை ஒரு கிளை தொடங்கியது. சனிக்கிழமை மட்டும். வடசென்னைப் பெண் என்பதால் என்னைத் தனியாக அனுப்பினார்கள். தனிப் பொறுப்பு. அன்று நான் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

அது மே மாதம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மின்விசிறி அனல் காற்றை இறைத்துக்கொண்டிருந்தது. காசிமேட்டுப் பக்கமிருந்து கருவாட்டு வாசனை. பெஞ்சில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஐஸ் கொண்டுவருவதாகச் சொன்னவர் வரவில்லை. பத்து நிமிடம் பார்த்தேன். பிறகு டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

பதினோராவது ஆளாக பிலோமினா வந்தாள். இருபத்திரண்டு வயது. அவளுடைய அம்மா ரோசம்மாள் கூட வந்திருந்தார். ஐந்து வயதில் அண்ணத்தைத் தைத்திருக்கிறார்கள். பிலோமினா திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் சீல் எண் சரிபார்க்கிற வேலையில் இருந்தாள். நாள் முழுவதும் வெயிலில். யார்டின் கண்ட்ரோல் ரூமில் ஒரு இடம் காலியாகப் போகிறது, வாக்கிடாக்கியில் எண்ணை அறிவிக்கிற வேலை, கணக்கில் அவள்தான் கெட்டிக்காரி என்பதால் அவளுக்கே தரலாம், ஆனால் பேச்சு தெளிய வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கிறிஸ்துமஸ் வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

“ரூமு, சேரு, ஃபேனு எல்லாம் அப்புறம் மேடம்” என்றாள். “நான் பேசறத நாலு பேரு கேக்கணும். அதான்.”

அவள் சொன்னதை நான் இங்கே சரியான எழுத்தில் எழுதுகிறேன். அவள் வாயிலிருந்து அது அப்படி வரவில்லை. ‘பேசறத’ என்பதில் ப இருக்க வேண்டிய இடத்தில் ம-வின் நிழல் இருந்தது. யார்டு பையன்கள் வாக்கிடாக்கியில் அவளைப் போலவே மூக்கால் பேசி விளையாடுவார்களாம். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள், ரோசம்மாள் சிரிக்கவில்லை.

“பாப்பா சொல்லு.” கண்ணாடியை மூக்கின் கீழே காட்டினேன். ஒன்றும் படியவில்லை. தாத்தா, டாட்டா, காக்கா. இப்போதுதான் துடைத்தது போலப் பளிச்சென்று இருந்தது. என் காது ஒன்று சொன்னது, கண்ணாடி வேறொன்று சொன்னது. காதில் கேட்பது பழக்கம், கண்ணாடியில் தெரிவது உண்மை என்று முடிவு செய்தேன். அம்மா சொல்ல வைக்கவில்லை. இன்னும் இருபத்தொன்பது பேர் இருந்தார்கள்.

“ஆபரேஷன் தேவையில்ல. கதவு நல்லா மூடுது. பயிற்சி பண்ணா போதும்” என்றேன்.

ரோசம்மாள் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். “இன்னொரு தபா கத்தி வெக்கணுமோன்னு வயித்துல நெருப்ப கட்டிகினு வந்தேன் மேடம். நீ நல்லா இருக்கணும்.”

எனக்கும் மனது நிறைந்திருந்தது. சீட்டில் எழுதினேன்: மூக்கு வழிக் காற்றுக் கசிவு இல்லை. பழக்கப் பிழை. பயிற்சி மட்டும்.

பதினான்கு மாதம் பயிற்சி கொடுத்தேன். உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து அது ஆடும்படி ‘ப’ சொல்வது. மூக்கைப் பொத்திக்கொண்டு ‘பா’, பிறகு விட்டுவிட்டு ‘பா’. பொத்தினால் தெளிவாக வரும், விட்டால் பழையபடி ஆகிவிடும். வாரம் தவறாமல் வந்தாள். வாரம் தவறாமல் அதே இடத்தில் நின்றாள். அவளுக்காகக் கண்ணாடியை நான் மறுபடி எடுக்கவே இல்லை, அதுதான் தீர்ந்துபோன விஷயமாயிற்றே. சீட்டிலும், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் நோட்டிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே வரியை எழுதினேன்: வீட்டுப் பயிற்சி போதாது.

“இன்னாமா, பண்றியா இல்லியா?” என்று ரோசம்மாள் என் முன்னாலேயே அவளைக் கேட்பார். என்னிடம் திரும்பி, “டெய்லி மூக்க புட்சிகினு கத்திகினுதான் மேடம் கீது. பக்கத்து வூட்டுக்காரங்க கண்டபடி பேசறாங்க” என்பார்.

“சும்மா கத்தினா போதாதும்மா. கவனம் வேணும்” என்பேன். கூடத்திலும் நான் புத்தகத் தமிழை ஒட்டியே பேசுவேன். ஒருநாள் பிலோமினாவிடம் நேராகவே சொன்னேன், “உனக்கு அக்கறை இல்ல.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இருக்கு மேடம்” என்றாள். அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. கண்ட்ரோல் ரூம் வேலை வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. பிலோமினாவைக் குளிர்பதனக் கண்டெய்னர்கள் பக்கம் மாற்றினார்கள். மீனும் மருந்தும் வருகிற பெட்டிகள். கதவைத் திறந்து உள்ளே வெப்பநிலை பார்த்து எழுத வேண்டும்.

அடுத்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை அவள் அம்மா இல்லாமல் தனியாக வந்தாள். கையில் ஒரு டிபன் டப்பா. என் மேசையில் வைத்துத் திறந்தாள். உள்ளே மீன்பெட்டிக்குப் போடுகிற நொறுக்கு ஐஸ். அதன் நடுவே பவுடர் டப்பாவின் கண்ணாடி.

“இன்னா இது?” என்றேன். அவசரத்தில் என் பழைய பேச்சே வந்துவிட்டது.

“புதன்கெழம பொட்டிக்குள்ளேர்ந்து வெளிய வந்தேன் மேடம். மூஞ்சி தொடைக்கலாம்னு இத எடுத்தேன். சில்லுனு இருந்திச்சி. அப்ப வாக்கிடாக்கில நம்பரு கேட்டாங்க. சொல்ல சொல்ல கண்ணாடி மறைஞ்சி போச்சி. ஆவி.” அவள் கண்ணாடியை எடுத்துத் தன் துப்பட்டாவில் துடைத்தாள். “நீ அன்னிக்கு காட்டின கண்ணாடி ஞாபகம் வந்திச்சி. வூட்டுக்குப் போயி எங்க அப்பாகிட்ட மீனுக்குப் போடற ஐஸ் வாங்கி செஞ்சி பாத்தேன். எங்க அம்மாவ பாப்பா சொல்ல சொன்னேன், படியல. எதுத்த வூட்டு மேரிக்கு படியல. எனக்கு படியுது. அம்மான்னு சொன்னா மூணு பேருக்கும் படியுது.”

ஜெயசீலன் சார் செய்கிற சோதனையை, வரிசை மட்டும் மாறி, அவள் மூன்று பேரிடம் செய்து முடித்துவிட்டிருந்தாள். நான் அப்போதும் என்ன சொன்னேன் தெரியுமா?

“வீட்டுல பண்ணா சரியா வராதும்மா. அதுக்குன்னு முறை இருக்கு.”

“அப்ப நீ உன் கண்ணாடியில பண்ணு” என்றாள். “உன் முறையில பண்ணு. நான் பாக்கறேன்.”

பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் மேசை இழுப்பறையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன். கையில் வெதுவெதுப்பாக இருந்தது. ஏனென்று தெரியவில்லை, அன்று என் வாயில் சாருடைய வார்த்தை வந்தது.

“அம்மா சொல்லு.”

“அம்ம்ம்மா.”

ஒன்றும் படியவில்லை.

காற்று நிச்சயமாக மூக்கு வழியேதான் போகிறது, ம-வுக்கு வேறு வழி கிடையாது. ஆனாலும் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணாடியில் ஆவி எப்படிப் படியும்? கண்ணாடி வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் சாருடைய அந்த முதல் ‘ம’. குளிரூட்டிய அறையில் படித்தவளுக்கு, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே வளர்ந்தவளுக்கு, இது தோன்றவே இல்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி பார்த்தேன். பிறகு அவளுடைய டிபன் டப்பாவில் என் கண்ணாடியைப் புதைத்து வைத்து, எடுத்து, துடைத்து, “பாப்பா சொல்லு” என்றேன். வெள்ளையாகப் படிந்தது. தாத்தாவுக்கும் படிந்தது. பழைய சட்டைக்கும் படிந்தது.

“படியுது இல்ல?” என்றாள் பிலோமினா.

“படியுது.”

“அப்ப நான் சரியாத்தான் பண்ணிகினு இருந்தேன்.”

“ஆமா” என்றேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டு, அழாமல், எழுந்து போனாள்.

அன்று மாலை சீட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘பயிற்சியில் முன்னேற்றம் இல்லை, மறுபரிசோதனைக்கு அனுப்புகிறேன்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். பொய் இல்லை. அவளுக்கும் அறுவை சிகிச்சை கிடைத்துவிடும். என் முதல் வரியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த வரியை மனதுக்குள் பலமுறை எழுதிப் பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வரியின்படி, முன்னேறாதது பிலோமினா. பதினான்கு மாதமாக நான் எழுதியதும் அதுதான்.

திங்கட்கிழமை சார் அறைக்குப் போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் ஒரே கேள்வி.

“ம பார்த்தீங்களா?”

“இல்ல சார்.”

அவர் சீட்டை என் பக்கம் தள்ளி, பேனாவைத் திறந்து கொடுத்தார். நான் முதல் வரியை அழுத்தி அடிக்கப் போனேன்.

“அப்படி இல்ல. ஒரே ஒரு கோடு. அடியில இருக்கிறத யார் வேணும்னாலும் படிக்க முடியணும். பக்கத்துல என்ன நடந்ததுன்னு எழுதுங்க. கையெழுத்து போடுங்க. வியாழக்கிழமை சர்ஜன் மீட்டிங்ல நீங்களே சொல்லணும்.”

“சரி சார்.”

“அன்னிக்கு அங்க நாற்பது பேர்னு சொன்னீங்க. மீதி பேர்?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் நான் சோதித்த ஒவ்வொருவரையும் திரும்ப அழைத்தேன். வெயில் காலத்தில் வந்தவர்களில் இன்னும் இரண்டு பேருக்குக் கதவில் சந்து இருந்தது.

வியாழக்கிழமை, மேசையைச் சுற்றி இருந்த மருத்துவர்கள் முன்னால், எந்த வெயிலில், எந்தக் கண்ணாடியில், எதை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். முந்தின நாள் பிலோமினாவை வரவழைத்து, அவள் பேசும்போது எடுத்த எக்ஸ்ரே வீடியோவை ஓட்டினார்கள். அண்ணம் மேலே ஏறி, தொண்டைச் சுவருக்கு எட்டாமல் நின்று, இறங்கிற்று. மறுபடி ஏறிற்று. எட்டவில்லை. ஒவ்வொரு ப-வுக்கும் அது முயன்றதைப் பார்த்தோம். அக்கறை இல்லை என்று நான் சொன்ன பெண்ணின் அண்ணம்.

விஷயத்தை நேரில் சொல்ல ராயபுரத்தில் அவர்கள் சந்துக்குப் போனேன். ரோசம்மாள் வாசலில் வலைநூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். தவறு என்னுடையது, பிலோமினா செய்த பயிற்சியில் குறை இல்லை, அறுவை சிகிச்சை வேண்டும், அதுவும் முழுதாகச் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றேன். அவர் நூலைக் கீழே வைத்தார்.

“போதாது போதாதுன்னு எழுதிக் குட்த்தியே.”

“ஆமாம்மா.”

“எனக்கு படிக்கத் தெரியாது. மேரிய படிக்கச் சொல்லுவேன். கேட்டுட்டு இந்தப் பொண்ண அடிப்பேன். ரெண்டு தபா தொடப்பத்தால அட்ச்சிருக்கேன். படிச்சவ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு அட்ச்சேன் மேடம்.”

“விடும்மா” என்றாள் உள்ளேயிருந்து பிலோமினா.

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் நான் எழுதியதை யாரும் சரிபார்த்ததில்லை. அப்பா என் கையெழுத்து இருந்தால் எந்தக் காகிதத்திலும் தன் கையெழுத்தைப் போட்டுவிடுவார். இத்தனை வருடம் அதை நான் பெருமை என்று நினைத்திருந்தேன். அந்தச் சந்தில் நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய பாரம் என்று தெரிந்தது.

பிலோமினா வெளியே வந்தாள். “ஆபரேஷன் பண்ணிக்கறேன். அப்பால பயிற்சிக்கு வேற யாராச்சும் இருந்தா நல்லாருக்கும் மேடம். கோவம் இல்ல. உன் எதிர்ல வாயத் தொறந்தா நான் தப்பு பண்றேன்னே தோணுது.”

“ஏற்பாடு பண்றேன்” என்றேன்.

அறுவை சிகிச்சை நடந்தது. தொண்டையின் பின்சுவரிலிருந்து ஒரு பட்டையை எடுத்து அண்ணத்தோடு தைத்தார்கள். பயிற்சியை ஜெயசீலன் சாரே கொடுத்தார். அவள் வருகிற நாளில் நான் வேறு அறையில் இருந்துகொள்வேன். எப்படி இருக்கிறாள் என்று சாரிடம் கேட்டால், “சீட்டுல இருக்கு” என்பார். சீட்டைப் பார்ப்பேன். முதல் பக்கத்தில் என் வரி, அதன் மேல் ஒற்றைக் கோடு. அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டும். எட்டாவது மாதம் எழுதியிருந்தார்: ம படிகிறது. ப, த, ட படியவில்லை. க-வில் மட்டும் சிறிது.

அதற்குப் பிறகு அவள் வருவது நின்றுவிட்டது. வேறு செய்தி இல்லை.

ஓர் ஆண்டு கழிந்திருக்கும். பிரிவின் தொலைபேசியை எடுத்தேன். அப்போது என் இரண்டு காதுகளும் நன்றாக இருந்தன, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் ஒரு பெண் குரல். பின்னால் லாரி ஹாரன் சத்தம்.

“பேச்சுப் பயிற்சிப் பிரிவா?”

“ஆமாங்க. சொல்லுங்க.”

“பேரு பதியணும். எங்க யார்டுல ஒரு டிரைவரோட பொண்ணு. மூணு வயசு. அண்ணத்துல தையல் போட்டுகிது. டெஸ்டு பண்ணணும்.”

“குழந்தை பேரு சொல்லுங்க.” எழுதிக்கொண்டேன். “எந்த ஊரு?”

“எண்ணூர். எப்ப கூட்டியாரணும்?”

“செவ்வாய்க்கிழமை பத்து மணி. நீங்க யாருங்க பேசறது?”

லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.

“இன்னா மேடம், தெர்லயா?”

“இல்லீங்க. யாரு?”

“நல்லா கேட்டுச் சொல்லு.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ப தெளிவாக இருந்தது. த தெளிவாக இருந்தது. இந்தக் குரலை நான் வாழ்நாளில் கேட்டதில்லை என்று எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

“தெரியலீங்க.”

அவள் சிரித்தாள். சிரித்து முடித்து, ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக இறக்கி வைப்பது போலச் சொன்னாள்.

“பிலோமினா. எண்ணூர் யார்டு, கண்ட்ரோல் ரூம்.”

பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு அவளே சொன்னாள்.

“செவ்வாக்கெழம கூட்டியாறேன். நீயே பாரு மேடம். ஐஸ் நான் எடுத்துகினு வரேன்.”